சுவரில் நாலு ஸ்க்ரூ

“என் சர்டிபிகேட்டைச் சுவத்துலேர்ந்து கழட்டிக் குடுங்க மாமா.”

கேட்டே விட்டாள். கார் ஸ்டீரியோ கடையின் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார்கள். காட்சிக்கு வைத்த ஸ்பீக்கர்களைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது. வாசலில் நின்ற ஒரு காரின் டாஷ்போர்டுக்குள் தலையை நுழைத்திருந்த ஃபிட்டர் பல்லு அண்ணன், ஆமை மாதிரிக் கழுத்தை வெளியே நீட்டினார்.

மாமாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். மாடி அறைக்கு வேறு மின்விசிறி கேள். தோழி கல்யாணத்துக்கு லீவு கேள். நாள் முழுக்க பில் எழுதிக் கை வலிக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார். சுவரில் தொங்குவதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. இதைச் சொல்லும்போதே அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். அவர்கள் குடியிருந்தது கடைக்கு மேலே, மாமாவின் மாடியில். ஒரு டம்ளர் உருண்டாலும் கீழே கேட்கும். அப்பா போன பிறகு இருவரையும் கூட்டிவந்து வைத்துக்கொண்டவர் மாமா. அவளைப் படிக்க வைத்தவரும் அவர்தான். அந்த நன்றி, மூன்றாவது ஆளாக அவர்களோடேயே அந்த அறையில் குடியிருந்தது. அதற்கு இடம் விட்டுத்தான் மற்ற இருவரும் படுக்க வேண்டும்.

சுவரில் தொங்கியது அவளுடைய பட்டச் சான்றிதழ். மின்னணுப் பொறியியல். அம்மா வழியிலும் சரி, அப்பா வழியிலும் சரி, கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கி வந்த அன்று மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்து அழுதார். நிஜமாகவே அழுதார், அதில் பொய் இல்லை. மறுநாள் பார்த்தால் பொன்னிற ஓரம் வைத்த சட்டத்துக்குள் போட்டுக் கல்லாவுக்கு மேலே அடித்திருந்தார். அதன்மேல் ஒரு நீல விளக்கு வேறு. சட்டத்தின் நாலு மூலையிலும் துளை போட்டு, சுவரில் பிளக் இறக்கி, விரல் நீளத்தில் நாலு ஸ்க்ரூ. வயரை முறுக்கி, டேப்பைச் சுற்றி, கஸ்டமர் கையில் சாவியைக் கொடுத்துவிடும் அந்தக் கடையில், முறையாகப் பொருத்தப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

அதைக் காட்டித்தான் பெரிய ஸ்டீரியோ கம்பெனி ஒன்றின் டீலர் பலகையை மாமா வாங்கினார். பார்வையிட வந்த கம்பெனிக்காரர், “கடையில இன்ஜினியர் இருக்காங்களா?” என்று கேட்க, மாமா சுவரைக் காட்டினார். அப்புறம் அவளைக் காட்டினார். முதலில் சுவரைத்தான்.

இன்ஜினியருக்கு வேலை என்ன? பில் எழுதுவது, போன் எடுப்பது, பார்சல் ஆபீஸில் நின்று பெட்டிகளை வாங்கி வருவது, டீ சொல்வது. காரைத் தொடக் கூடாது.

“பொம்பளப் புள்ள டாஷ்போர்டுக்கு அடியில படுத்துக் கெடந்தா, வர்ற கஸ்டமர் என்ன நெனைப்பான்?” என்பார் மாமா.

“ஸ்டீரியோ மாத்தறாங்கன்னு நெனைப்பான்” என்று ஒரு தடவை சொன்னாள். அன்று பூராவும் மாமா அவளோடு பேசவில்லை.

கடையில் அவளுக்கு டிகிரி என்று பெயர். ‘டிகிரி, நாலு டீ சொல்லு.’ ‘டிகிரி, ஃபியூஸ் டப்பா எங்கே?’ வைத்தவர் பல்லு அண்ணன். அவருக்குப் பல்லு என்று பெயர் வந்தது வேறு கதை. வயரின் மேல்தோலை அவர் பல்லால் கடித்துத்தான் உரிப்பார். உரிக்கிற கருவி ஒன்றை மாமா வாங்கிக் கொடுத்தார். அண்ணன் அதை வைத்து முதுகு சொறிந்துகொண்டார்.

பஸ் பாடி கட்டும் தொழிற்சாலை ஒன்றில், வயரிங் பிரிவுக்கு அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலை கிட்டத்தட்ட உறுதி. சேர வரும்போது அசல் சான்றிதழோடு வாருங்கள் என்றார்கள். மாமாவிடம் அம்மா நயமாகச் சொல்லிப் பார்த்தாள். “கழட்டினா கண்ணாடி உடைஞ்சிரும்மா. ஜெராக்ஸ் போதாதாமா அவங்களுக்கு?” என்றார் மாமா. அவர்களுக்குப் போதவில்லை. அசல் கிடைக்கும்போது வாருங்கள், இடம் இருந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பில் எழுதினாள்.

இன்று காலை கடை திறக்குமுன், அவளிடம் இருக்கும் கடை செல்லுக்கு வந்த போன்தான் எல்லாவற்றையும் உடைத்தது.

நேற்று ஒரு நர்ஸ் தன் காரைக் கொண்டுவந்திருந்தார். காரோடு கூடவே வந்த கம்பெனி ஸ்டீரியோவை எடுத்துவிட்டு, பெரிய தொடுதிரை வைத்த புது செட் போட வேண்டும். கடை வாசலில் நர்ஸ் ரிவர்ஸ் எடுத்து வண்டியை ஒதுக்கியபோதே அவள் காது நிமிர்ந்தது. பின்னால் கம்பம் நெருங்க நெருங்க வருமே, அந்த ‘பீப் பீப்’ சத்தம், டாஷ்போர்டிலிருந்து வரவில்லை. கதவில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. நர்ஸ் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தபோது அடித்த மணியும் அதே ஸ்பீக்கரில்தான்.

“மாமா, இந்த வண்டியில எல்லா எச்சரிக்கைச் சத்தமும் ஸ்டீரியோ வழியாத்தான் வருது. செட்டை எடுத்தா அதுவும் சேர்ந்து போயிரும். நடுவுல மாட்டற சின்னப் பெட்டி ஒண்ணு இருக்கு. வரவழைச்சு மாட்டினா சத்தம் அப்படியே இருக்கும்.”

“பெட்டி வர்ற வரைக்கும் அந்தம்மா கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்குமா? பக்கத்துக் கடைக்குப் போயிரும்.”

“அப்ப அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிட்டாவது செய்யுங்க.”

“நீ போய் பார்சல் ஆபீஸ்ல ஸ்பீக்கர் வந்திருக்கான்னு பாரு கண்ணு.”

போனாள். திரும்பி வரும்போது காரும் இல்லை, நர்ஸும் இல்லை. பழைய செட் மட்டும் பின்கட்டில், மற்ற கார்களிலிருந்து பிடுங்கிய செட்டுகளின் குவியல் மேல் கிடந்தது. அதன் முதுகில் பிளக் அப்படியே செருகியிருந்தது, நாலு விரல் நீள வயர்களோடு. பிளக்கின் ஓரத்தில் சின்ன நாக்கு ஒன்று இருக்கும், அதை அமுக்கினால் தானே கழன்று வரும். பல்லு அண்ணனுக்கு அமுக்குகிற பொறுமை கிடையாது. குறடை விட்டு ஒரே வெட்டு.

“அவங்க நம்பர் குடுங்க மாமா, ஒரு வார்த்தை சொல்லிடறேன்” என்றாள்.

“கஸ்டமரைப் பயமுறுத்தாதே. கண்ணாடி எதுக்கு இருக்கு? பார்த்து ஓட்டுவாங்க.”

நர்ஸ் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறார். வேலை முடிந்து வீட்டு முற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தார். சத்தம் வரவில்லையே, இடம் இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பின்னால் விட்டார். முற்றத்தில் அவருடைய அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழாயை மூடாமல் விட்டுவிட்டோமே என்று கிழவர் எழுந்து போன நேரம் அது. நாற்காலி சுவரோடு ஒட்டிப்போனது.

இதையெல்லாம் காலையில் போனில் நர்ஸ் நிதானமாகத்தான் சொன்னார். கடைசியில் சொன்னதுதான் அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது.

“ஏம்மா, நீங்கதானே அந்த இன்ஜினியர் பொண்ணு? நேத்து உங்க மாமாவுக்கு போன் பண்ணினேன். வேலை பார்த்தது நீங்கதான், பொண்ணு புதுசு, தப்பு பண்ணிட்டா, மன்னிச்சிருங்கன்னாரு. இன்னிக்கு நேர்ல வர்றேன். உங்க முகத்தை ஒரு தடவை பார்க்கணும் எனக்கு.”

போனை வைத்தாள். ஷட்டரைத் தூக்க மாமாவுக்குக் கை கொடுத்தாள். அப்புறம் கேட்டாள்.

“என்னது?” என்றார் மாமா இப்போது, காதில் விழாத மாதிரி.

“காது நல்லாத்தானே இருக்கு. சர்டிபிகேட்டைக் கழட்டுங்கன்னேன்.”

“காலங்காத்தால ஏன் இப்படி?”

“நர்ஸம்மா கார்ல நான் கை வெச்சேனா?”

மாமாவின் பார்வை பல்லு அண்ணன் பக்கம் போயிற்று. பல்லு அண்ணன் கழுத்தை மறுபடி டாஷ்போர்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

“ஏம்மா, யார் பேரைச் சொன்னா என்ன? எல்லாம் ஒரே குடும்பம்தானே” என்றார் மாமா, குரலில் தேன் தடவி. “கொஞ்சம் யோசிச்சுப் பாரு. பல்லு செஞ்சான்னு சொல்லி, அது கம்பெனி வரைக்கும் போச்சுன்னா, படிக்காதவனை வெச்சா வேலை வாங்கறீங்கன்னு கேட்டு பலகையைப் பிடுங்கிட்டுப் போயிருவான். உன் பேரைச் சொன்னா, படிச்ச புள்ள, ஏதோ கைத்தவறுன்னு விட்டுருவாங்க. படிச்சவங்க தப்புக்கு ஒரு மரியாதை இருக்கும்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

“அதாவது, வேலை செய்யத்தான் நான் பொம்பளப் புள்ள. தப்பைத் தூக்கிச் சுமக்கணும்னா இன்ஜினியர்.”

“வார்த்தையை அளந்து பேசு!”

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அம்மா இறங்கி வந்துவிட்டாள். கையில் ஈரம், முகத்தில் ரத்தம் இல்லை. மேலே எல்லாம் கேட்டிருக்கிறது.

“அண்ணே, அவ ஏதோ கோவத்துல...” என்று மாமாவிடம் தொடங்கி, பாதியில் மகள் பக்கம் திரும்பினாள். “உனக்கு எத்தனை வாட்டி படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? எதை வேணா கேளு, அதைக் கேக்காதேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே. ஏன் கேக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லவே இல்லை. அது என்னோடதும்மா.”

“உன்னோடதுதான். யாரு இல்லைன்னா? இருக்கற எடத்துல இருக்கட்டுமேன்னுதான்...”

“நேத்து ஒரு மனுஷன் செத்திருப்பான். அவனைக் கொன்னது நான்னு சொல்லியிருப்பாங்க. அதுக்குச் சாட்சி இந்தச் சுவத்துல தொங்குது, விளக்கு வெச்சு.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா துணியை மடித்து வைத்தார். வியாபாரத்தில் கஸ்டமர் நழுவப் போகிறான் என்றால் அவர் இப்படித்தான் எதையாவது மடிப்பார்.

“சரி, இங்க பாரு. அந்தம்மா இப்ப வரும். ‘தெரியாமப் பண்ணிட்டேன் அக்கா’ன்னு ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நாளையிலேர்ந்து நீ காரைத் தொடு. நானே சொல்றேன். நீதான் பெரிய ஃபிட்டர். பல்லு உனக்குக் கீழே.”

“எனக்கு மேலயா டிகிரி?” என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நீ வாயை மூடுடா.”

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் எவ்வளவு நாள் காத்துக்கிடந்தாள். மதியம் கடை காலியாக இருக்கும்போது, கழற்றிப் போட்ட செட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, எந்த வயர் எதற்கு என்று தானே கண்டுபிடித்து மனதில் போட்டு வைத்திருந்தாள். கல்லூரியில் வாங்கிய கருவிப் பை அவளுடைய ஸ்டூலுக்கு அடியில் ஜிப் திறக்காமலே கிடந்தது. கேட்டது கிடைக்கிறது. தன் பெயரைத் தானே நாசம் செய்துகொண்டால் போதும். அம்மா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ‘சரின்னு சொல்லேன்’ என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு.

வாசலில் கார் வந்து நின்றது. பின்விளக்கு உடைந்து, பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. நர்ஸ் இறங்கினார். இரவு தூங்காத கண்.

“வாங்க சிஸ்டர், வாங்க” என்று மாமா ஓடினார். “உட்காருங்க. விளக்கு, பம்பர் எல்லாம் நம்ம பொறுப்பு. பொண்ணு மன்னிப்புக் கேக்கணும்னு காலையிலேர்ந்து நிக்குது.”

நர்ஸ் உட்காரவில்லை. நேராக அவளிடம் வந்தார். “நீங்களா?”

“ஒரு நிமிஷம் அக்கா.”

பின்கட்டுக்குப் போனாள். குவியலிலிருந்து அந்த செட்டை எடுத்து வந்து கல்லா மேல் வைத்தாள். முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“இதுதான் உங்க பழைய செட். இதோ, வண்டியோட பிளக். கழட்டாம வெட்டியிருக்காங்க, வயர் நுனியெல்லாம் பாருங்க. உங்க வண்டியில ரிவர்ஸ் சத்தம், சீட் பெல்ட் மணி எல்லாத்தையும் ஸ்பீக்கருக்கு அனுப்பறது இந்தப் பெட்டிதான். இதை எடுத்தா வண்டி ஊமையாயிரும். நேத்து நீங்க வந்தப்பவே இவர்கிட்ட சொன்னேன். என்னைப் பார்சல் ஆபீஸுக்கு அனுப்பிட்டு வெட்டிட்டாங்க.”

“அது சின்னப் புள்ள சிஸ்டர், பயத்துல உளறுது...”

“நான் உங்க வண்டியைத் தொடவே இல்லை. இந்தக் கடையில நான் எந்த வண்டியையும் தொட்டதில்லை. தொட விட மாட்டாங்க.” சுவரைக் காட்டினாள். “அதை மாட்டறதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க.”

நர்ஸ் செட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

“தெரிஞ்சிருக்கே. அப்ப எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

அது சுருக்கென்று தைத்தது. மாமா நம்பர் தரவில்லைதான். ஆனால் பில் புத்தகம் அவள் கையில்தானே இருந்தது?

“பண்ணியிருக்கணும். மாமா வேணாம்னாரு, நானும் பேசாம இருந்துட்டேன். அதுக்கு நீங்க என்னைத் திட்டலாம். வெட்டினதுக்குத் திட்டாதீங்க.”

நர்ஸ் திட்டவில்லை. மாமாவின் பக்கம் மெல்லத் திரும்பினார். “எங்கப்பா நைட்டு பூரா அந்த நாற்காலியைப் பத்தியே பேசிட்டிருந்தாரு சார். நல்ல நாற்காலியாம்.” அவ்வளவுதான் சொன்னார். மாமாவின் கை மறுபடியும் துணியைத் தேடியது.

அவள் பல்லு அண்ணனிடம் போய்க் கையை நீட்டினாள். “ஸ்க்ரூ கழட்டற மெஷினைக் குடுங்கண்ணே.”

பல்லு அண்ணன் முதலாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “பேட்டரி கொஞ்சம்தான் இருக்கு டிகிரி. நாலுக்கு வரும்” என்று கொடுத்துவிட்டார்.

ஸ்டூலை இழுத்துக் கல்லாவுக்குப் பின்னால் போட்டு ஏறினாள்.

“இறங்கு” என்றார் மாமா. “இறங்குன்னா இறங்கு. அது வெளியே போனா இந்தக் கடை போச்சு. அதைக் கழட்டினே, மாடியிலயும் உனக்கு எடம் இல்லை. உங்கம்மாவுக்கும்தான். நான் படிக்க வெச்ச படிப்பு அது!”

“நீங்க படிக்க வெச்சீங்க மாமா. இல்லைன்னு எங்கேயும் சொல்ல மாட்டேன். ஆனா படிச்சது நான்.”

மெஷின் சீறியது. முதல் ஸ்க்ரூ சுண்ணாம்புத் தூளோடு வெளியே வந்து கல்லா மேல் விழுந்தது. ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடும். இரண்டாவதுக்கு எட்டியபோது ஆடியது, உடனே நின்றும்விட்டது. குனிந்து பார்த்தாள். அம்மா இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

“விழுந்து தொலையாதே” என்றாள் அம்மா. “எங்கே போகப் போறே?”

“முதல்ல இவங்க வீட்டுக்கு. பழைய செட்டைத் திரும்ப மாட்டணும். அப்புறம் பஸ் கட்டற எடத்துக்கு. அசலைக் கொண்டா, பார்க்கலாம்னாங்கல்ல, கொண்டு போறேன். சாயங்காலம் வந்து உன்னைக் கூட்டிக்கிறேன்.”

“எங்கேன்னு கூட்டிப்பே?”

“தெரியலை. ஆனா வருவேன்.”

அம்மா ஸ்டூலிலிருந்து கையை எடுக்கவில்லை.

மூன்றாவது வந்தது. நாலாவது முரண்டு பிடித்தது. மாமா இறுக்கியதில் அதுதான் கடைசியாக இருந்திருக்கும். உடம்பின் கனத்தையெல்லாம் தோளில் ஏற்றி அழுத்தினாள். கழன்றது. சட்டம் கையோடு வந்தது. கண்ணாடி உடையவில்லை.

இறங்கி, மெஷினைப் பல்லு அண்ணனிடம் கொடுத்தாள். ஸ்டூலுக்கு அடியிலிருந்த கருவிப் பையைத் தோளில் மாட்டினாள். ஒரு கையில் சட்டம், மறு கையில் செட். “புது செட்டை நாளைக்கு நானே கொண்டாந்து கல்லா மேல வெச்சிருவேன் மாமா. பிளக்கோட. வெட்டாம.”

“உனக்கு அதைத் திரும்ப மாட்டத் தெரியுமாம்மா?” என்று கேட்டார் நர்ஸ். கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இருக்க வேண்டியதுதானே.

“தெரியும். ஒவ்வொரு வயரையும் உங்க கண்ணு முன்னால இணைக்கிறேன். சத்தம் வரலைன்னா என்னை அந்தச் சுவரோட வெச்சு நசுக்கிருங்க.”

நர்ஸ் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பின் சாயல் தெரிந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். இரண்டு பக்கமும் வண்டிகள் நெருக்கி நின்றன. ரிவர்ஸ் எடுத்துத்தான் தெருவுக்குப் போக வேண்டும். கியரைப் போட்டார். ஒரு சத்தமும் வரவில்லை. நர்ஸின் கை ஸ்டியரிங்கிலேயே உறைந்துவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

“டிகிரி!” என்று உள்ளேயிருந்து மாமா கத்தினார். “இப்ப திரும்பி வந்தேன்னா எல்லாத்தையும் மறந்துடறேன்!”

அவள் திரும்பவில்லை. சட்டத்தையும் செட்டையும் பின்சீட்டில் போட்டுவிட்டுத் தெருவுக்கு நடந்தாள். காருக்குப் பின்னால் போய், வருகிற வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினாள்.

“வாங்கக்கா! எடம் இருக்கு, வாங்க! வாங்க... வாங்க...”